ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு

(அரசு ஒப்பந்த நிர்வாகத்தில் புதிய பணியாளர் பயிற்சி குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒப்பந்த ஊழல் பற்றிப் பேசினால் மண்டபம் நிறையும். ஒப்பந்த நிர்வாகம் என்றால் பாதி நாற்காலி காலியாக இருக்கும். அது தெரிந்தும் இந்தத் தலைப்பைத் தந்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. வாழ்நாளில் பெரும்பகுதியைப் பணித்தளத்திலும், அதன் பிறகு சில காலத்தைப் பயிற்சி வகுப்புகளிலும் கழித்தவன் என்ற தகுதியில் பேசுகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். டெண்டர் திறக்கும் நாள்வரை எடுத்துக்கொள்ளும் அக்கறையில் கால்பங்கைக்கூட, கையெழுத்தான பிறகு அந்த ஒப்பந்தத்தை நடத்தப்போகிற புதியவரைத் தயார் செய்வதில் நாம் காட்டுவதில்லை. அரசின் பணம் பெரும்பாலும் கசிவது அந்த இடத்தில்தான்.

1. கவனம் எங்கே இருக்கிறது

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2000இல் வந்தன. இந்திய மாநிலங்களில் இத்தகைய சட்டத்தை முன்னோடியாகக் கொண்டுவந்தவர்கள் நாம் என்பதில் பெருமைப்படலாம். டெண்டர் இதழில் அறிவிப்பு வர வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். யாருக்கு ஏன் கொடுத்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர் மேல்முறையீடு செய்யலாம். இவையெல்லாம் அந்தச் சட்டமும் விதிகளும் தந்தவை. பெட்டியில் உறை போடுவதும், பெட்டியருகே ஆள் நிறுத்தித் தடுப்பதும் மறைந்து இப்போது இணையவழி டெண்டர் வந்துவிட்டது.

இத்தனையும் ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுக்கும் நாள்வரைக்கும்தான். அதற்குப் பிறகு? அரசியலமைப்புச் சட்டத்தின் 299ஆவது பிரிவின்படி மாநில அரசின் ஒப்பந்தம் ஒவ்வொன்றும் ஆளுநர் பெயரால் செய்யப்படுகிறது. ஆளுநர் பெயரால் செய்த அந்த ஒப்பந்தத்தைப் பணித்தளத்தில் நின்று நடத்துகிறவர் யார்? கல்லூரி முடித்து, தேர்வாணையத் தேர்வு எழுதி, சில மாதங்களுக்கு முன் பணியில் சேர்ந்த உதவிப் பொறியாளர். எதிரில் நிற்பவர் இருபது, முப்பது ஆண்டு தொழில் பார்த்த ஒப்பந்தக்காரர். அவருக்குத் துணையாக, இந்தத் துறையிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அனுபவசாலி. யார் யாருக்குப் பாடம் சொல்வார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பயிற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமைச்சுப் பணியாளர்களுக்குப் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி நடக்கிறது. பாசனப் பொறியாளர்களுக்குத் துவாக்குடியில் பயிற்சி நிலையம் இருக்கிறது. துறைத் தேர்வுகளில் பொதுப்பணிக் கணக்குத் தேர்வு என்றே தனியாக ஒன்று உண்டு. அதில் தேறினால்தான் பணியில் மேலே போக முடியும். ஆனால் அந்தத் தேர்வு சோதிப்பது விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற அறிவைத்தான். கம்பி கட்டி முடித்த தளத்தில் எங்கே குனிந்து பார்க்க வேண்டும் என்பதை அது சோதிப்பதில்லை. அதைச் சொல்லித்தரும் பொறுப்பு பெரும்பாலும் அலுவலகத்து மூத்தவர் யாராவது ஒருவரின் நல்ல மனத்தை நம்பி விடப்படுகிறது. நல்ல மூத்தவர் கிடைத்தவர் பிழைத்தார். கிடைக்காதவருக்கு ஒப்பந்தக்காரரே ஆசிரியர்.

2. முதல் பாடம்: அக்ரிமென்டைப் படித்தல்

புதிதாக வருகிறவரிடம் அக்ரிமென்ட் கட்டைக் கொடுத்தால் அவர் முதலில் திருப்புவது இனவாரிப் பட்டியலைத்தான். அளவு எவ்வளவு, ரேட் எவ்வளவு என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார். நிபந்தனைகள் அச்சடித்த பொடி எழுத்துப் பக்கங்களைப் புரட்டுவது தகராறு வந்த பிறகு, வக்கீல் கேட்கும்போதுதான். அப்போது படித்துப் பயன் இல்லாத நிபந்தனைகள் பல உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. பணியை ஓராண்டில் முடிக்க வேண்டும், முடியவில்லை. ஒப்பந்தக்காரர் கால நீட்டிப்புக் கேட்டு எழுதுகிறார். அலுவலகத்தில் பழைய கோப்பிலிருந்து வாசகத்தை எடுத்து, 'ஆறு மாத கால நீட்டிப்பு வழங்கப்படுகிறது' என்று ஒரு வரியில் கடிதம் போய்விடுகிறது. பணி முடிந்த பிறகு, தாமதத்துக்கு அபராதம் பிடிக்கவில்லையே என்று தணிக்கை கேட்கிறது. பிடிக்கப் போனால் ஒப்பந்தக்காரர் வழக்குப் போடுகிறார்.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆவது பிரிவு என்ன சொல்கிறது? காலம் உயிர்நாடியாக உள்ள ஒப்பந்தத்தில், குறித்த காலம் தவறிய பிறகும் வேலையை ஏற்றுக்கொண்டால், அந்தத் தாமதத்தால் வந்த நட்டத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. ஏற்றுக்கொள்ளும்போதே 'இழப்பீடு கேட்கும் எண்ணம் உண்டு' என்று எதிர்த்தரப்புக்கு அறிவித்திருக்க வேண்டும். அந்த நீட்டிப்புக் கடிதத்தில் 'தாமதத்துக்கு இழப்பீடு பெறும் அரசின் உரிமைக்கு ஊறு இல்லாமல்' என்று ஒரு தொடர் சேர்ந்திருந்தால் கதையே வேறு.

74ஆவது பிரிவும் அப்படியே. அக்ரிமென்டில் அபராதத் தொகை எழுதியிருக்கிறது என்பதற்காக அதை அப்படியே பிடித்துக்கொள்ளலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கைலாஷ் நாத் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. இழப்பே ஏற்படாத இடத்தில் இழப்பீடு இல்லை. இழப்பைக் கணக்கிட்டு நிரூபிப்பது கடினமான இடத்தில் மட்டும், நியாயமாக முன்கூட்டியே மதிப்பிட்ட தொகை என்றால், அது நிற்கும். ஆகவே பள்ளிக்கூடக் கட்டடம் தாமதமானதால் வாடகைக் கட்டடம் எத்தனை மாதம் கூடுதலாகத் தேவைப்பட்டது, எவ்வளவு வாடகை போனது என்பதைக் கோப்பில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். இதைப் புதியவருக்கு முதல் வாரத்தில் சொன்னால் அவர் அந்த ரசீதுகளைச் சேகரித்து வைப்பார். மூன்றாம் ஆண்டு நீதிமன்றத்தில் சொன்னால் சேகரிக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

எனவே முதல் பாடம் சட்ட வகுப்பாக இருக்க வேண்டியதில்லை. நடந்து முடிந்த ஓர் அக்ரிமென்டைக் கையில் கொடுங்கள். தளத்தை எந்தத் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும், கூடுதல் இனத்துக்கு ரேட் எப்படிப் போடுவது, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது, யார் யாருக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். பக்க எண்ணோடு பதில் வரட்டும். இரண்டு நாளில் முடிகிற பயிற்சி இது.

3. இரண்டாம் பாடம்: அளப்பதும் எழுதுவதும்

அரசுப் பணிகளில் பணம் பிறக்கும் இடம் அளவுப் புத்தகம். நம் வழக்கில் எம்.புக். எண்ணிட்ட பக்கங்கள், ஒரு தாளையும் கிழிக்கக் கூடாது, மையில் எழுத வேண்டும், தவறினால் ஒரே கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும், சுரண்டி அழிக்கக் கூடாது. இளநிலைப் பொறியாளரோ உதவிப் பொறியாளரோ பதிவார். மேலதிகாரி செக் மெஷர் செய்வார். அதற்கும் மேலே உள்ளவர் குறிப்பிட்ட பங்கை மறுபடி பார்ப்பார். வெள்ளைக்காரன் காலத்து முறை என்று சிரிக்கலாம். ஆனாலும் நீதிமன்றத்தில் இன்றும் முதலில் கேட்கப்படும் ஆவணம் இதுதான்.

இந்த ஒழுங்கு வெளியே முறையாக இருந்தபடியே உள்ளே எப்படிச் செல்லரிக்கிறது என்பதைப் பார்ப்போம். நூறு மீட்டர் கான்கிரீட் வடிகால் ஒன்று. வரைபடத்தில் 12 மி.மீ. கம்பி, 150 மி.மீ. இடைவெளி. தளத்தில் கம்பி கட்டுபவர் 200 மி.மீ. இடைவெளியில் கட்டியிருக்கிறார். மேலே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கம்பிகள் வரிசையாக, அழகாகத்தான் இருக்கும். கணக்குப் போடுங்கள். 150 என்றால் நூறு மீட்டருக்கு 667 கம்பி. 200 என்றால் 501. குறைவது 166 கம்பி. ஒவ்வொன்றும் 3 மீட்டர் என்று வைத்தால் 498 மீட்டர். விட்டத்தை வர்க்கப்படுத்தி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும், 12 மி.மீ. கம்பிக்கு 0.888. ஆக ஏறத்தாழ 440 கிலோ கம்பி அந்த வடிகாலில் இல்லை. மறுநாள் காலை கான்கிரீட் போட்டுவிட்டால் அந்த 440 கிலோவை அதன் பிறகு யாரும் பார்க்க முடியாது. எம்.புக்கில் மட்டும் அது இருக்கும்.

பெரும்பாலும் இது எம்.புக்கில் எப்படி ஏறுகிறது? ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் ஒரு துண்டுச் சீட்டில் அளவுகளை எழுதிக்கொண்டு அலுவலகத்துக்கு வருகிறார். 'சார், பார்ட் பில் போடணும், மார்ச் முடியப் போகுது' என்கிறார். புதியவர் அந்தச் சீட்டைப் பார்த்து எம்.புக்கில் எழுதுகிறார். அவர் பணம் எதுவும் வாங்கவில்லை. வரைபடத்தில் உள்ளதுதானே சீட்டிலும் இருக்கிறது என்று நம்புகிறார். இந்தத் துண்டுச் சீட்டைப் பற்றி எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் வாய் திறப்பதில்லை. திறக்க வேண்டும். 'உன்னிடம் இப்படி ஒரு சீட்டு வரும், அதை வாங்காதே, டேப்பை எடுத்துக்கொண்டு தளத்துக்குப் போ' என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மறையப்போகிற வேலையை மறைவதற்கு முன் அளப்பது இந்தத் தொழிலின் அடிப்படை. அஸ்திவாரக் குழியின் ஆழம், அடிக் கான்கிரீட், கம்பி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு எல்லாம் இந்த வகை. ஏரி தூர்வாருவதில் இது இன்னும் கூர்மையானது. வேலை தொடங்கும் முன் ஏரியின் தரைமட்டத்தை லெவல் எடுத்து, ஒப்பந்தக்காரரும் கையெழுத்திட்டு வைத்தால்தான் முடிந்த பிறகு எத்தனை கன மீட்டர் மண் போனது என்று சொல்ல முடியும். முன்மட்டம் எடுக்காத ஏரியில் ஒரு மழை பெய்து நீர் நிறைந்துவிட்டால், தோண்டியது எவ்வளவு என்று ஆண்டவனுக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டுமே தெரியும்.

கான்கிரீட் சோதனைக் கட்டிகளும் அப்படியே. 150 மி.மீ. கன சதுரங்கள், மாதிரிக்கு மூன்று, 28ஆம் நாள் உடைத்துப் பார்க்கிறோம். சோதனைக்கூட அறிக்கை எப்போதும் அருமையாகத்தான் வரும். அந்தக் கட்டி இந்தத் தளத்துக் கான்கிரீட்தானா என்பதே கேள்வி. ஈரம் காயும் முன் தேதியையும் தன் கையொப்பத்தையும் அதன் மேல் கீறி வைக்கப் புதியவருக்குக் கற்றுக்கொடுங்கள். ஒரு நிமிட வேலை.

இப்போது மின்னணு எம்.புக் வந்துவிட்டது, புவிக்குறியிட்ட புகைப்படம் வந்துவிட்டது, இனி கவலை இல்லை என்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் புகைப்படம் காட்டுவது யாரோ ஒருவர் அந்த இடத்தில் கைபேசியோடு நின்றார் என்பதைத்தான். கம்பிக்குக் குறுக்கே டேப்பை விரித்து, எண் தெரிகிற மாதிரி எடுத்த படம் சாட்சி. கம்பிக் கூட்டத்துக்கு முன் நால்வர் நிற்கும் படம் நினைவுப் பரிசு. இந்த வேறுபாட்டை மென்பொருள் அறியாது. அதை இயக்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

4. மூன்றாம் பாடம்: எதை எண்ணினால் எது கிடைக்கும்

கட்டடமும் சாலையும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அரசு ஒப்பந்தப் பணத்தில் ஒரு பங்கு சேவைகளுக்கும் போகிறது. மருத்துவமனைத் துப்புரவு, பாதுகாப்பு, குப்பை அகற்றல், தெருவிளக்குப் பராமரிப்பு, மென்பொருள் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றுக்கு எம்.புக் கிடையாது. இங்கே செயல்திறனை மதிப்பிடுவதே அளவுப் பதிவு.

சென்னை மாநகராட்சி 2000ஆம் ஆண்டில் சில மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியைத் தனியாரிடம் ஒப்படைத்தபோது, பணம் டன் கணக்கில் தரப்பட்டது. எடைக்குப் பணம் என்றால் எடையைக் கூட்டுவதே எந்தத் தொழில்முனைவோருக்கும் இயல்பான புத்தி. கட்டட இடிபாடு ஒரு லாரி, வீட்டுக் குப்பை பல லாரிக்குச் சமம். சந்துக்குள் தள்ளுவண்டி போகாமல் இருந்தால் எடைமேடைக்குத் தெரியாது. 2020இல் தொடங்கிய ஒப்பந்தங்களில் மாநகராட்சி எடையை விட்டுவிட்டு, வீடுவீடாகச் சேகரிப்பது, தரம் பிரிப்பது, தெருவின் தூய்மை போன்ற செயல்திறன் குறியீடுகளோடு பணத்தைப் பிணைத்தது. நெடுஞ்சாலைத் துறையும் பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கி, செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கு வந்தது. எத்தனை பள்ளம் அடைத்தாய் என்று எண்ணிப் பணம் தருவதை விட்டு, பள்ளமில்லாத சாலையாக ஐந்தாண்டு வைத்திரு, தவறினால் பிடித்தம் என்கிற முறை அது.

தாளில் இது நல்ல மாற்றம். ஆனால் எடைமேடை பார்த்த வேலையை இனி ஒரு மனிதர் பார்க்க வேண்டும். தெரு தூய்மையாக இருக்கிறதா, எத்தனை மதிப்பெண் என்று சொல்ல வேண்டியவர் வார்டு அளவில் இருக்கும் ஓர் இளைய பணியாளர். அவருக்கு எந்த நேரத்தில் பார்ப்பது, எந்தத் தெருவைப் பார்ப்பது என்ற முறை கற்றுத்தரப்படவில்லை என்றால், குறியீட்டு முறை எடை முறையைவிட மோசமாகப் போகும். எடைமேடையைக் கெஞ்சவோ மிரட்டவோ முடியாது, மனிதரை முடியும்.

மருத்துவமனை ஒன்றின் துப்புரவு ஒப்பந்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாத பில் பெரும்பாலும் வருகைப் பதிவேட்டின் பேரில் தயாராகிறது. நூறு பேர் வந்தார்கள், நூறு பேருக்குப் பணம். பிரசவ வார்டின் கழிவறை இரவு பத்து மணிக்கு எப்படி இருந்தது என்பது அந்த பில்லில் எங்கும் இல்லை. அந்த நூறு பேரில் எத்தனை பேருக்கு முழுக் கூலி போனது என்பதும் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான 1970ஆம் ஆண்டுச் சட்டம், முதன்மை வேலையளிப்பவரின் பிரதிநிதி முன்னிலையில்தான் கூலி வழங்க வேண்டும், ஒப்பந்தக்காரர் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. அரசு மருத்துவமனை என்றால் அந்தப் பிரதிநிதி அரசு ஊழியர். இ.எஸ்.ஐ., பி.எஃப். சலான்களில் உள்ள பெயர்களை வருகைப் பதிவேட்டின் பெயர்களோடு ஒத்துப் பார்ப்பது ஒரு மதிய நேரத்து வேலை. அதைச் செய்யச் சொல்லி யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் பயிற்சி எளியது. புதியவர்கள் இருவரை ஒரே வார்டுக்குத் தனித்தனியே அனுப்புங்கள். ஒரே மதிப்பெண் படிவம். ஒருவர் 85 போட்டு, மற்றவர் 55 போட்டு வந்தால் இருவரையும் திட்டாதீர்கள், படிவத்தைத் திருத்துங்கள். 'கழிவறை தூய்மையாக உள்ளது' என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வரும். 'தரையில் நீர் தேங்கியுள்ளதா, சோப்பு உள்ளதா, கடைசியாகக் கழுவிய நேரம் அட்டையில் எழுதப்பட்டுள்ளதா' என்று பிரித்துக் கேட்டால் இருவர் பதிலும் நெருங்கிவிடும். அப்படி நெருங்கிய பிறகுதான் அந்த மதிப்பெண்ணைக் காட்டி ஒருவரின் பணத்தைப் பிடிக்கும் தார்மிக உரிமை நமக்கு வருகிறது.

5. நற்சான்று என்னும் பொய்

பணி முடிந்ததும் ஒப்பந்தக்காரருக்கு நாம் கொடுக்கும் சான்றிதழில் ஒரே வாசகம்தான். 'பணி திருப்திகரமாக முடிக்கப்பட்டது.' எட்டு மாதம் தாமதம் செய்தவருக்கும் அதே வாசகம். கெடுவுக்கு முன் முடித்துக்கொடுத்தவருக்கும் அதே வாசகம். யாருக்கும் மனவருத்தம் இல்லை. ஆனால் அந்தச் சான்றிதழைத்தான் அவர் அடுத்த டெண்டரில், வேறொரு மாவட்டத்தில், வேறொரு துறையில் அனுபவத் தகுதிக்காக வைக்கிறார். அங்கே உட்கார்ந்து தகுதி பார்ப்பவர் நம் கையெழுத்தை நம்புகிறார். மூன்று ஆண்டு கழித்து அங்கே விரிசல் விடும் கட்டடத்துக்கு முதல் கல் வைத்தது நம் நற்சான்று.

இந்த விஷயத்தில் அமெரிக்க மத்திய அரசு நெடுங்காலமாகப் பின்பற்றிவந்த முறையைக் கவனிக்கலாம். அங்கே ஒப்பந்தக்காரரின் வேலையைத் தரம், காலக்கெடு, செலவுக் கட்டுப்பாடு, நிர்வாகம் என்று தனித்தனித் தலைப்புகளில் மதிப்பிடுகிறார்கள். மிகச் சிறப்பு என்பதிலிருந்து திருப்தியற்றது என்பதுவரை ஐந்து படிகள். தரம் போட்டால் போதாது. ஏன் அந்தத் தரம் என்று விவரித்து எழுத வேண்டும். எழுதியது ஒப்பந்தக்காரருக்குப் போகும். பதில் சொல்ல அவருக்கு 14 நாள். கருத்து வேறுபட்டால் மேலதிகாரி பார்ப்பார். அடுத்த டெண்டரை மதிப்பிடும் எந்தத் துறையும் அதைப் பார்க்கும். அங்கே ஒப்பந்த அதிகாரியின் பிரதிநிதியாகத் தளத்தில் நிற்பவருக்கும் பயிற்சி நேரம் வரையறுக்கப்பட்டது. எளிய ஒப்பந்தத்துக்கு 8 மணி, நடுத்தரத்துக்கு 40 மணி, சிக்கலானதற்கு 60 மணி. அதோடு, உனக்கு என்ன அதிகாரம் உண்டு என்றும், விலையையோ அளவையோ மாற்ற உனக்கு அதிகாரம் இல்லை என்றும் எழுத்தில் நியமனக் கடிதம் கொடுக்கப்படும். அந்த நாட்டு ஒப்பந்தங்களில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மதிப்பீடு என்பது எழுதி, காட்டி, பதில் வாங்கி, சேமிக்கப்பட வேண்டிய பொருள் என்ற புரிதல் அதில் இருக்கிறது.

எழுதுவதையும் கற்றுத்தர வேண்டும். 'ஒப்பந்தக்காரரின் ஒத்துழைப்பு போதாது. பலமுறை எடுத்துக்கூறியும் அலட்சியமாக உள்ளார்' என்று எழுதினால் அது கோபம். 'ஜூன் 3ஆம் தேதிக்குள் இரண்டாம் தளக் கூரை முடிய வேண்டும். அன்று கம்பி வேலை தொடங்கவில்லை. தளத்தில் கொத்தனார் 2 பேர், உதவியாளர் 4 பேர். ஜூன் 4 அன்று கடிதம் கொடுத்து ஒப்புகை பெறப்பட்டது' என்று எழுதினால் அது சான்று. உரிச்சொல் எதுவும் வேண்டாம். தேதி, நிபந்தனை, அளவு, விளைவு போதும்.

இப்படி எழுதிப் பழகாத துறை கடைசியில் கையில் எடுக்கும் ஆயுதம் கருப்புப் பட்டியல். அதுவும் நீதிமன்றத்தில் நிற்பதில்லை. கருப்புப் பட்டியலில் சேர்க்கும் முன் விளக்கம் கேட்க வேண்டும் என்று எருசியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1974இல். காலவரம்பின்றி ஒருவரை ஒதுக்கி வைக்க முடியாது, தவறுக்கேற்ற அளவுதான் தண்டனை என்று குல்ஜா இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொன்னது 2013இல். விளக்கம் கேட்கும் நோட்டீசிலேயே இன்ன நடவடிக்கை உத்தேசம் என்று தெரிவித்திருக்க வேண்டும் என்று கூர்க்கா செக்யூரிட்டி வழக்கில் சொன்னது 2014இல். இத்தனை தீர்ப்புகளுக்குப் பிறகும் ஒரு பக்க நோட்டீசில் நாம் தோற்றுக்கொண்டே இருக்கிறோம்.

6. மறுபக்கத்து நியாயம்

ஒப்பந்தக்காரரைத் திருடனாகவே பார்க்கப் பழக்குவது பயிற்சி ஆகாது. தளத்தை ஒப்படைக்காமல் பணி உத்தரவு கொடுத்தது யார்? மின்கம்பம் மாற்றித்தர ஐந்து மாதம் எடுத்துக்கொண்டது யார்? வரைபடத்தை நடுவில் மாற்றியது யார்? தடைகளைப் பதிய ஒரு பதிவேடு உண்டு. எந்தத் தேதியில் எந்தத் தடை வந்தது, எப்போது நீங்கியது என்று இருதரப்பும் கையெழுத்திட வேண்டும். அதை அன்றன்று எழுதாமல், கால நீட்டிப்புக் கேட்கும் நாளில் ஒரே மையில் ஒரே கையெழுத்தில் நிரப்புவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது.

பில் கொடுப்பதிலும் அப்படியே. மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபர் 29 அன்று வெளியிட்ட அறிவுரைகளில், தகுதியுள்ள தொகையில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் பில் கொடுத்த 10 வேலைநாளுக்குள் தந்துவிட வேண்டும், மீதியை 28 வேலைநாளுக்குள் சரிபார்த்துத் தர வேண்டும் என்றது. பணம் எப்போது வரும் என்று தெரியாத ஒப்பந்தக்காரர் அந்த நிச்சயமின்மைக்கும் சேர்த்துத்தான் ரேட் போடுவார். நேர்மையானவர் டெண்டருக்கே வர மாட்டார். ஆகவே மதிப்பீட்டுப் படிவத்தில் நம் அலுவலகத்துக்கும் ஒரு பத்தி இருக்கட்டும்.

7. தனியாக நிற்பவர்

புதியவர் எதிர்கொள்ளும் நெருக்கடியை நேர்மைப் பிரசங்கத்தால் தீர்க்க முடியாது. மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி வரும். 'அதைச் சேர்த்து பில் போட்டுவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.' என்ன செய்வது? மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், மேலதிகாரியின் உத்தரவு வழக்கமாக எழுத்தில் இருக்க வேண்டும், வாய்மொழியாக வந்தால் எழுத்தில் உறுதிசெய்து வாங்க வேண்டும் என்கின்றன. இதைச் சண்டைபோட்டுக் கேட்க வேண்டியதில்லை. 'இன்று மாலை தொலைபேசியில் தாங்கள் வழங்கிய அறிவுரை தொடர்பாகத் தெளிவுரை வேண்டப்படுகிறது' என்று பணிவாக ஒரு குறிப்பு அனுப்பினால் போதும். பல உத்தரவுகள் அந்தக் குறிப்பைக் கண்டதும் திரும்பிப் போய்விடும். இந்தக் குறிப்பு எழுதும் கலையை வகுப்பில் எழுதிப் பழக வைக்கலாம்.

அமைப்பும் உதவ வேண்டும். மறையும் வேலைகளை அளக்க இருவராக அனுப்புங்கள். சேவை ஒப்பந்தங்களை மதிப்பிடுபவரை ஆறு மாதத்துக்கொரு முறை இடம் மாற்றுங்கள். ஒருவருக்குப் பத்துத் தளம் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் நேரில் அளந்தேன் என்று சான்று எழுதச் சொல்லாதீர்கள். முடியாத வேலையைச் செய்ததாக எழுதச் சொல்வதுதான் புதியவருக்கு நாம் கற்றுத்தரும் முதல் பொய்.

8. செய்ய வேண்டியது

துறைத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இவை. புதியவர் யாரும் தன் பெயரில் எம்.புக் பெறும் முன், ஒரு சிறு பணியையாவது தளம் ஒப்படைத்த நாளிலிருந்து இறுதி பில்வரை மூத்தவர் ஒருவரோடு இரண்டாம் கையொப்பக்காரராக இருந்து பார்க்க வேண்டும். அந்த மூத்தவருக்கு அதற்கான நேரத்தைப் பணிப் பங்கீட்டிலேயே ஒதுக்க வேண்டும். தணிக்கைப் பத்திகளையும் தோற்ற வழக்குகளையும் பெயர்களை நீக்கிவிட்டுப் பாடப் புத்தகமாக்க வேண்டும். நம்மிடம் இதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. கணக்குத் தேர்வின் ஒரு பகுதியைத் தளத்தில், டேப்போடும் வரைபடத்தோடும் நடத்த வேண்டும். 'திருப்திகரம்' என்ற ஒற்றை வரிச் சான்றிதழை ஒழித்து, தலைப்புவாரியான மதிப்பீட்டையும் ஒப்பந்தக்காரரின் பதிலையும் சேர்த்து வெளியிட வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. பெரிய செலவும் இல்லை.

இந்த ஆண்டு பணியில் சேர்ந்து பின்வரிசையில் இருக்கும் இளைய நண்பர்களுக்கு ஒரு சொல். இந்தச் சீர்திருத்தங்கள் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை தளத்துக்குப் போகும்போது டேப்பை எடுத்துச் செல்லுங்கள். கண்ணால் பார்த்ததை அன்றே எழுதுங்கள். எழுதியதை ஒப்பந்தக்காரரிடம் காட்டி அவர் கையொப்பத்தையும் வாங்குங்கள். பார்க்காததை, யார் சொன்னாலும், எழுதாதீர்கள்.